பங்காளியைக் கொல்லும் மாத்திரை

“படர்தாமரைக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே. க்ரீம் போட்டுப் போட்டுப் பார்த்தாச்சு, கேக்கல.”

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு வாரத்துக்குக் குடுங்க. கேட்டுச்சுன்னா வந்து வாங்கிக்கிறேன்.”

சாயங்கால நேரத்தில் எந்த ஊர் மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஒரு நிமிட வியாபாரம். அட்டையிலிருந்து ஏழு மாத்திரையைக் கத்தரித்து உறையில் போட்டு, “சாப்பிட்டுட்டுப் போடுங்க” என்று கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் சர்க்கரைக்கு என்ன போடுகிறார், கொழுப்புக்கு என்ன போடுகிறார், மஞ்சள் காமாலை வந்த உடம்பா, இதயத்தில் ஏதேனும் கோளாறு உண்டா? ஒரு கேள்வியும் இருக்காது. இத்தனைக்கும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்துகள் இவை.

பூஞ்சைக்கான மாத்திரைகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. முறையாகச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் பெரிய தொந்தரவு எதுவும் இல்லாமல் குணமாகிறார்கள். ஆனால் இந்த மாத்திரை என்ன செய்யும் என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. கூடவே நாம் விழுங்குகிற மற்ற மாத்திரைகள், வயிற்றில் இருக்கும் அமிலம், ஈரலின் நிலை, இதயத்தின் பலம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. கடைக்காரர் கேட்காமல் விட்ட கேள்விகள் அத்தனையும் இங்கேதான் வருகின்றன.

இரண்டு வாரத்தில் அடங்கிய நோய்

ஒரு காலத்தில் படர்தாமரை என்றால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒரு களிம்பு, இரண்டு வாரம், முடிந்தது கதை. 2010-களின் நடுவிலிருந்து இந்தியா முழுக்க அந்தக் கணக்கு மாறிவிட்டது. தொடை இடுக்கில் தொடங்கி இடுப்பு, வயிறு, முதுகு என்று படர்கிறது; ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வருகிறது; அடங்கியது போலத் தெரிந்து அடுத்த மாதமே திரும்பி வருகிறது. தோல் மருத்துவர்களின் வரிசையில் பாதிப் பேர் இதற்காகவே உட்கார்ந்திருக்கும் காலம் வந்துவிட்டது.

காரணங்களில் முதல் பழி ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சேரும். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு என்று மூன்று நான்கு மருந்துகளை ஒரே ட்யூபில் அடைத்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அன்றைக்கே அடக்கிவிடும். அடங்கியது அரிப்புதான், தோலின் எதிர்ப்பு குறைந்த இடத்தில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். மத்திய அரசு 2016-லும் 2018-லும் நூற்றுக்கணக்கான கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. வீரியமான ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றும் 2018-ல் விதியை இறுக்கியது. விதி விதியாக இருக்கிறது, ட்யூப் ட்யூபாக விற்கிறது.

இன்னொரு காரணம் பூஞ்சையே மாறியது. ஜப்பானில் வசித்த இந்திய, நேபாள நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சைக்கு 2020-ல் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயர் வைத்தார்கள். டெர்பினஃபின் என்ற மாத்திரைக்கு அது மசிவதில்லை. அந்த மருந்து எந்த நொதியைத் தாக்குமோ அந்த நொதியின் மரபணுவிலேயே மாற்றம் வந்துவிட்டது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இதே பூஞ்சை கண்டறியப்பட்டபோது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கை வெளியிட்டது. அந்த இருவரில் ஒருவர் அண்மையில் வெளிநாடே போகாதவர்.

களிம்பு கேட்காத நோய்க்கு மாத்திரை தேவைப்படுவது இப்படித்தான். அதுவும் பழைய இரண்டு வாரக் கணக்கு போதாமல் நான்கு, ஆறு, எட்டு வாரம் என்று நீள்கிறது. நாட்கள் நீள நீள, கேட்காமல் விட்ட கேள்விகளின் விலையும் ஏறுகிறது.

பங்காளி முறை

பாக்டீரியாவைக் கொல்ல மருந்து செய்வதில் ஒரு வசதி உண்டு. அதன் உடலமைப்பு நம்முடையதிலிருந்து வெகு தூரம். நம்மிடம் இல்லாத உறுப்பைப் பார்த்து அடிக்கலாம். பூஞ்சையிடம் அந்த வசதி குறைவு. பரிணாம வழியில் அது செடிகொடிகளைவிட நமக்குத்தான் நெருக்கம். பங்காளி முறை என்றே சொல்லலாம். நம் செல்லில் இருப்பதுபோல அதன் செல்லிலும் உட்கரு உண்டு. நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அதன் சவ்வில் கிட்டத்தட்ட அதே சாயலில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் மருந்துக்குக் கிடைத்த பிடி.

ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் என்று ‘கோனசோல்’ வாலோடு வரும் மருந்துகள் எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் நொதி ஒன்றை முடக்குகின்றன. அந்த நொதி ‘சைட்டோகுரோம் பி450’ என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் கிளை நம் ஈரலிலும் இருக்கிறது. நாம் விழுங்கும் மற்ற மாத்திரைகளில் பெரும்பகுதியைச் சிதைத்து வெளியே அனுப்பும் வேலை அதனுடையது. பங்காளிக்கு வைத்த அடியில் கொஞ்சம் நம் வீட்டுச் சுவரிலும் விழுகிறது. ஈரலின் நொதி முடங்கியதும், காலையில் போட்ட வேறொரு மாத்திரை உடம்பைவிட்டு வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கத் தொடங்குகிறது. ஒரு மாத்திரைதான் போட்டோம். உடம்பில் மூன்று நான்கு மாத்திரை அளவுக்கு இருக்கிறது.

இது வெறும் தத்துவம் இல்லை என்பதை உலகத்துக்குக் காட்டியவர் 39 வயது அமெரிக்கப் பெண் ஒருவர். சைனஸ் தொந்தரவுக்காக அவர் டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரை எடுத்துவந்தார். அப்போது உலகமெங்கும் சக்கைப்போடு போட்ட, தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை அது. இடையில் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரவே, மருத்துவரைக் கேட்காமல் தானாகவே கீட்டோகோனசோல் போட்டுக்கொண்டார். அடுத்தடுத்து மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இசிஜி எடுத்தபோது உயிருக்கே ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். டெர்ஃபெனடின் வழக்கமாக ஈரலைக் கடக்கும்போதே முழுக்க வேறு பொருளாக மாறிவிடும். கீட்டோகோனசோல் அந்த மாற்றத்தை நிறுத்தியதால் மருந்து அப்படியே ரத்தத்தில் ஏறி இதயத்தைத் தொட்டது. 1990-ல் இந்தச் சம்பவம் மருத்துவ இதழில் வெளியானது. 1998-ல் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்தே போய்விட்டது. அது ஈரலில் எந்தப் பொருளாக மாறுமோ, அதையே தனி மருந்தாகச் செய்து விற்கிறார்கள். நம் கடைகளிலும் கிடைக்கும் ஃபெக்ஸோஃபெனடின் அதுதான்.

வீட்டு மருந்து டப்பா

நம்மூர் வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவரின் மருந்து டப்பாவைத் திறந்தால் என்னென்ன இருக்கும்? பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை. சிலருக்குத் தூக்கத்துக்கு ஒன்று. இவற்றில் பலவற்றுக்கும் பூஞ்சை மாத்திரையோடு ஒரு கணக்கு உண்டு.

கொழுப்பு மாத்திரையில் சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டையும் இட்ராகோனசோலோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது. தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும் அபாயம் இருக்கிறது. உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறம் என்றால் அதுதான் அறிகுறி. நம்மூரில் அதிகம் போடும் அட்டோர்வாஸ்டாட்டினுக்கும் எச்சரிக்கை உண்டு. அளவைக் குறைப்பார்கள், அல்லது அந்த வழியில் சிதையாத ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றுவார்கள்.

சுகர் மாத்திரையில் மெட்ஃபார்மின் பற்றிக் கவலை வேண்டாம். கிளிமெபிரைடு, கிளிபிசைடு வகையறா சாப்பிடுகிறவர் ஃப்ளூகோனசோலும் சேர்த்துப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பூஞ்சைத் தொற்று வருவது அதிகம் என்பதால் இந்த ஜோடி அடிக்கடி சேர்ந்துவிடுகிறது. கை நடுங்கி, வேர்த்து, தலை சுற்றினால் ‘வெயிலுக்கு’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே சர்க்கரை சாப்பிட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்து டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்கள், தூக்கத்துக்கு அல்பிரசோலம் போடுகிறவர்கள் தங்கள் பழைய மருத்துவரைக் கேட்காமல் ‘கோனசோல்’ எதையும் தொடக் கூடாது. எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசிப்பின் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் இரட்டை வேகத்தில் வேலை செய்யும். இட்ராகோனசோல் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். மாதக்கணக்கில் போட்டாலும் படர்தாமரை அப்படியே இருக்கும்.

டெர்பினஃபின் ‘கோனசோல்’ குடும்பம் இல்லை. மற்ற மருந்துகளோடு அதற்குச் சண்டை குறைவு. ஆனாலும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் மெட்டோபிரலால் போன்ற சில இதய மாத்திரைகளும் அதனால் ரத்தத்தில் கூடக்கூடும். மொத்தத்தில் சொல்வதற்கு ஒன்றுதான்: பூஞ்சைக்கு மாத்திரை கேட்கப் போகும்போது டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டிவிடுங்கள். பெயரை ஞாபகம் வைத்துச் சொல்லும் வேலையே வேண்டாம்.

கேப்ஸ்யூலுக்குள் இருப்பது

இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைத் திறந்து பார்த்தால் உள்ளே தூள் இருக்காது. கடுகைவிடச் சிறிய மணிமணியான உருண்டைகள் இருக்கும். தண்ணீரில் கரையாத மருந்து இது. சர்க்கரையில் செய்த மணிமேல் மெல்லிய படலமாக மருந்தைப் பூசி வைக்கிறார்கள். மணிகளின் அளவு, எண்ணிக்கை, பூச்சு எல்லாம் சரியாக இருந்தால்தான் வயிற்றில் கரையும். கம்பெனிக்குக் கம்பெனி இதில் வித்தியாசம் உண்டு என்பதை இந்தியத் தோல் மருத்துவர்கள் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு பிராண்டில் குணம் தெரிந்த பிறகு, கடையில் “இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார்” என்று நீட்டுவதை இந்த மருந்தில் மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். அதிகம் உறிஞ்சப்படும் புது வகை ஒன்று 50, 65 மில்லிகிராம் என்ற அளவுகளில் வருகிறது. பழைய 100 மில்லிகிராமோடு அதை எண்ணை வைத்து ஒப்பிட முடியாது.

கரைவதற்கு அமிலம் வேண்டும். எனவே கேப்ஸ்யூலை முழுச் சாப்பாடு முடித்த கையோடு விழுங்க வேண்டும். இரண்டு இட்லியோடு போடுவதைவிட மதியச் சாப்பாட்டோடு போடுவது மேல். மென்றோ பிரித்தோ சாப்பிடக் கூடாது. இங்கேதான் கேஸ் மாத்திரை குறுக்கே வருகிறது. காலையில் பான்டோப்ரசோல் போட்டால் அன்று முழுக்க வயிற்றில் அமிலம் குறைந்திருக்கும்; கேப்ஸ்யூல் பாதி கரையாமலே போகும். அரிப்புக்கு மாத்திரை, மாத்திரையால் வயிறு எரியக் கூடாதே என்று கேஸ் மாத்திரை. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. கேஸ் மாத்திரையை நிறுத்தவே முடியாத நிலையில், கேப்ஸ்யூலைக் கோலா பானத்தோடு விழுங்கச் சொல்வதுண்டு. அதன் அமிலம் உதவும். ஜெலுசில் போன்ற அமில முறிப்பான் குடித்தால் ஒரு மணி நேரம் கழித்துக் கேப்ஸ்யூல், அல்லது கேப்ஸ்யூல் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அது. இதே மருந்தின் திரவ வடிவத்துக்கு விதி தலைகீழ், அதை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும்.

மற்றவை இவ்வளவு படுத்துவதில்லை. ஃப்ளூகோனசோலைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ போடலாம். டெர்பினஃபினும் அப்படியே. 1939-ல் ஒரு பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோஃபல்வின் மட்டும் எண்ணெயோ நெய்யோ கலந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் நன்றாக உறிஞ்சப்படும். குழந்தைகளின் தலையில் வரும் பூஞ்சைக்கு இன்றும் கொடுக்கப்படும் பழைய மருந்து அது. அதைச் சாப்பிடும் நாட்களில் மது தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரலாம்.

ஈரலும் இதயமும்

வாய்வழி கீட்டோகோனசோல் ஈரலைக் கெடுக்கும் என்பதற்காக ஐரோப்பிய மருந்து முகமை 2013 ஜூலையில் அதை நிறுத்திவைக்கச் சொன்னது. தோலுக்கும் நகத்துக்கும் அதைக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க அரசும் அதே மாதம் கட்டுப்பாடு போட்டது. ஷாம்பூவாகவும் க்ரீமாகவும் பயன்படுவதற்கு இந்தப் பயம் பொருந்தாது. தலைக்குப் போட்டுக் குளிப்பதில் ஈரலுக்கு வேலையே இல்லை.

இப்போது புழங்கும் மாத்திரைகளில் ஈரல் பாதிப்பு அபூர்வம். அபூர்வம்தானே என்று விடவும் முடியாது. டெர்பினஃபின் தொடங்குவதற்கு முன் ஈரல் பரிசோதனை ஒன்று எடுத்துப் பார்ப்பது முறை. ஏற்கெனவே ஈரல் நோய் இருப்பவருக்கு அதைத் தர மாட்டார்கள். மாதக்கணக்கில் போடும்போது இடையில் இன்னொரு முறை பார்ப்பார்கள். பசியே இல்லாமை, விடாத குமட்டல், வலது பக்க வயிற்று வலி, சிறுநீர் அடர் மஞ்சள், மலம் வெளிறிப்போதல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் அன்றைய மாத்திரையைப் போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் கண் மஞ்சளானதும் முதலில் தேடுவது கீழாநெல்லியை. மாத்திரையையும் நிறுத்தாமல், யாரிடமும் சொல்லாமல், காலையில் கீழாநெல்லிச் சாறும் இரவில் அதே மாத்திரையுமாக ஒரு வாரம் ஓடிவிட்டால் மீட்பது சிரமம். மருந்தால் வந்த காமாலைக்கு முதல் வைத்தியம் அந்த மருந்தை நிறுத்துவது.

இட்ராகோனசோலுக்கு இதயத்தின் சுருங்கும் பலத்தைக் குறைக்கும் குணம் உண்டு. இதயச் செயலிழப்பு இருப்பவர்களுக்கு நகப் பூஞ்சைக்காக இதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-ல் எச்சரித்தது. மாரடைப்பு வந்தவர், கால் வீங்குகிறவர், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவர் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு செருப்பு இறுக்கமானால் அதையும் சொல்ல வேண்டும்.

டெர்பினஃபின் சிலருக்கு நாக்கின் சுவையைப் பறித்துவிடும். ரசம் வெந்நீராகத் தெரியும், காபி கசப்பு மட்டுமாக. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். அபூர்வமாக வெகுகாலம் நீடிக்கும். ‘வாய்க்கு ருசி இல்லை’ என்று சொல்வதைச் சின்ன விஷயமாக நினைத்து மருத்துவரிடம் மறைக்கிறவர்கள் உண்டு. சாப்பாடு இறங்காமல் எடை குறைகிற அளவுக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

பெண்களின் ஒற்றை மாத்திரை

வெள்ளைப்படுதலும் அரிப்பும் என்றால் 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் ஒன்று போட்டால் போதும் என்பது பல பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. கேண்டிடா என்ற பூஞ்சையால் வந்தது என்றால் அது உண்மை. எல்லா வெள்ளைப்படுதலும் அதுவாக இருக்காது. அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும் என்பதும் கூடவே தெரிந்திருக்க வேண்டும்.

நாள் தள்ளிப்போயிருந்தால் அந்த ஒற்றை மாத்திரையையும் கேட்டுத்தான் போட வேண்டும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அதிக அளவில், தொடர்ந்து கொடுக்கப்பட்ட ஃப்ளூகோனசோலுக்கும் குழந்தையின் பிறவிக் குறைபாடுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2011-ல் எச்சரிக்கை வந்தது. கர்ப்பிணிகளுக்கு உள்ளே வைக்கும் மாத்திரையோ க்ரீமோதான் வழக்கம். இட்ராகோனசோல் சாப்பிடும் பெண்கள் அது முடிந்து இரண்டு மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. கிரிசியோஃபல்வினில் ஆணுக்கும் விதி உண்டு. கடைசி மாத்திரைக்குப் பிறகு ஆறு மாதம் பிள்ளைக்கு முயலக் கூடாது. இதைக் கேட்டுத் திகைக்காத புது மாப்பிள்ளை யாரும் இருக்க முடியாது.

ஒரு வாரத்தில் அடங்கும், ஒரு மாதத்தில் வரும்

ஏழு மாத்திரை வாங்கிப்போனவருக்கு வருவோம். ஐந்தாம் நாள் அரிப்பு நிற்கும். வட்டத்தின் ஓரம் மங்கும். கேட்டுவிட்டது என்று விட்டுவிடுவார். தோலின் மேலடுக்கிலும் ரோமக் காலிலும் பூஞ்சை மிச்சம் இருக்கும். மருந்தை அரைகுறையாகச் சந்தித்துப் பிழைத்த பூஞ்சைதான் அடுத்த மாதம் வருவது. தோலைச் சுரண்டி எடுத்த செதிலில் ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. முதலில் நோய் அதுதானா என்று பார்க்கவும், முடிவில் முழுக்கப் போயிற்றா என்று பார்க்கவும் அது உதவும். மலிவான இந்தச் சோதனையை நிறையப் பேர் கேட்பதும் இல்லை, நிறைய இடங்களில் செய்வதும் இல்லை.

நோய் எது என்று பார்க்காமல் மாத்திரை விழுங்குவதில் வேடிக்கையான வீணும் உண்டு. தேமலும் பூஞ்சைதான். ஆனால் அதற்கு டெர்பினஃபின் மாத்திரை எத்தனை வாரம் போட்டாலும் பலன் இருக்காது. அதே மருந்தைக் க்ரீமாகப் பூசினால் கேட்கும். தடித்து மஞ்சளான கால் நகங்களில் கிட்டத்தட்ட பாதியில் பூஞ்சையே இருக்காது; சொரியாசிஸோ பழைய அடியோ காரணமாக இருக்கும். நகத்தை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் 12 வாரம் டெர்பினஃபின் தொடங்குவது ஈரலுக்குக் கொடுக்கும் தேவையில்லாத வேலை. உண்மையிலேயே பூஞ்சைதான் என்றால், 12 வார மாத்திரை முடிந்த அன்று நகம் அதே அசிங்கத்தோடுதான் இருக்கும். கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். மருந்து நகத்துக்குள் தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். பார்வைக்குப் போதவில்லை என்று இன்னொரு அட்டை வாங்கக் கூடாது.

இட்ராகோனசோலும் அப்படித்தான், நிறுத்திய அன்றே உடம்பைவிட்டுப் போய்விடாது. தோலில் வாரக்கணக்கில் தங்கும். ரத்தத்திலிருந்து வடிய ஒன்று இரண்டு வாரம் ஆகும். படர்தாமரைக்காக மருத்துவர் கொழுப்பு மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தால், கடைசிக் கேப்ஸ்யூலுக்கு அடுத்த நாளே அதைத் திரும்பத் தொடங்காமல் இரண்டு வாரம் விட வேண்டும். அதன்பிறகு மறக்காமல் தொடங்க வேண்டும். சீட்டில் நிறுத்தும் தேதி இருக்கும், தொடங்கும் தேதி பெரும்பாலும் இருக்காது. அதையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.